இரண்டு பேருக்கு ஒரே வாக்கியம்

மலேசியாவின் தைப்பிங்கில் வீட்டுக்கு எதிரிலேயே சீனப் பள்ளி இருந்ததால் அப்பா யுவனேஸ்வரியை அதில் சேர்த்துவிட்டார். வகுப்பில் அவள் ஒருத்திதான் தமிழ்ப் பிள்ளை. பிறகு மெல்பர்னுக்குக் கணக்கியல் படிக்க வந்தவள், சீனத் தோழிகளின் கட்டுரைகளைத் திருத்திக் கொடுக்கப் போய், அதையே தொழிலாக்கிக்கொண்டாள். மெல்பர்னின் கிளென் வேவர்லி பகுதியில் இருந்த வீட்டில் சாப்பாட்டு மேசைதான் அலுவலகம். சீனாவிலிருந்து சமூகவியல் பேராசிரியர்கள் தங்கள் ஆய்வுக் கட்டுரைகளை அனுப்புவார்கள். அவள் ஆங்கிலத்தில் ஆக்கித் தருவாள்.

அப்படிப் பழக்கமானவர் பேராசிரியர் ஷென். பிள்ளைகள் நகரத்துக்கு வேலைக்குப் போனபின் தனியாக வாழும் பெற்றோரைப் பற்றி எழுதியிருந்தார். சர்வதேசப் பட்டியல் ஒன்றில் இடம்பெற்ற ஆய்விதழில் கட்டுரை வந்தால்தான் அவருக்குப் பதவி உயர்வு. மற்ற இதழ்களில் எத்தனை வந்தாலும் பல்கலைக்கழகம் கணக்கில் எடுக்காது. யுவனேஸ்வரி மொழிபெயர்த்தாள், அவர் அனுப்பினார். போன வேகத்தில் திரும்பி வந்தது. கட்டுரையில் கால்வாசி ஏற்கெனவே வெளிவந்த வேறொன்றோடு ஒத்துப்போகிறது என்று, நகலெடுத்ததைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் காட்டியதாம்.

ஷென் தொலைபேசியில் அழைத்தார். யாரிடமிருந்தும் ஒரு வரி எடுக்கவில்லை, சீன மூலத்தை இங்கே சோதித்தபோது சுத்தமாக இருந்தது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவள் நம்பினாள். நம்பியதால்தான் குழப்பம் கூடியது.

அந்த இன்னொரு கட்டுரையைத் தேடி எடுத்துப் படித்தாள். எழுதியவர் வேறு ஊர், வேறு பேராசிரியர். ஆனால் வாக்கியங்கள் நன்றாகத் தெரிந்தவையாக இருந்தன. பழைய மின்னஞ்சல்களைப் புரட்டியதும் விளங்கியது. அதையும் மொழிபெயர்த்தவள் அவள்தான். ஊரை எப்படித் தேர்ந்தோம், நேர்காணலை எப்படி எடுத்தோம், அரசின் கொள்கை என்ன என்பதையெல்லாம் இருவரும் சீனத்தில் அவரவர் சொற்களில்தான் எழுதியிருந்தார்கள். அவள் கையில் இரண்டும் ஒரே ஆங்கிலமாகிவிட்டன.

கணவன் தேவனிடம் சொன்னாள். அவன் கேட்டான்.

"அப்ப யாரு யாரைக் காப்பியடிச்சது?"

"அதான் எனக்கும் புரியல. என்னைப் பார்த்து நானே எழுதியிருக்கேன். பேரு மட்டும் அவங்க பேரு."

"ரெண்டுல எங்கேயாவது உன் பேரு இருக்கா?"

"இல்ல."

ஷென்னின் சம்மதத்தோடு நடந்ததை ஆய்விதழுக்கு விளக்கி எழுதினாள். ஆசிரியர் தன்மையாகவே பதில் போட்டார். வாக்கியங்களை மாற்றுங்கள், மொழிபெயர்த்தவருக்கு இறுதியில் நன்றி சொல்லுங்கள், மறுபடி பார்க்கிறோம் என்றார். இப்போது ஷென் தடுமாறினார். இன்னொருவர் பெயர் வந்தால் கட்டுரை முழுக்கத் தன்னுடையதாக எண்ணப்படுமா? தம் பல்கலைக்கழகத்தில் இரண்டு அலுவலகங்களில் கேட்டார். ஒன்று பரவாயில்லை என்றது, மற்றது வேண்டாம் என்றது. கடைசியில் துணிந்து பெயரைப் போட்டார்.

யுவனேஸ்வரி வாக்கியங்களைக் கலைத்து எழுதினாள். முன்பு நேராகச் சொன்னவை இப்போது சுற்றி வளைத்து நின்றன. படிக்க மோசமாயிருந்தது, மென்பொருளுக்குப் பிடித்திருந்தது. கட்டுரை வெளிவந்தது, ஷென்னுக்குப் பதவி உயர்வும் கிடைத்தது.

"எது அசல் என்று உங்களுக்காவது தெரிந்ததா?" என்று ஒருநாள் அவரிடமே கேட்டாள். தெரிந்தால் அதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதுவேன் என்றார் அவர்.

இப்போதெல்லாம் எதை அனுப்புமுன்னும் அவளே அந்த மென்பொருளில் போட்டுப் பார்க்கிறாள். ஒத்துப்போவது எதுவுமில்லை என்று வந்தால் பெருமூச்சு விடுகிறாள். அது நிம்மதியா, தன் பழைய வாக்கியங்களை இழந்த வருத்தமா என்று அவளுக்கே தெரியவில்லை.