பன்னிரண்டு மரக்கால் வெளிச்சம்

எண்பதுகளின் தொடக்கம். அந்த வருடச் சாரலில் என் கேமரா லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்துவிட்டது. மதுரைக்கு அனுப்பிய லென்ஸ் திரும்பி வருவதற்குள் சீசனே முடிந்துவிடும். என் மனைவிக்கு ஆசிரியர் பயிற்சியில் இடம் கிடைத்து, பத்து நாளில் திருச்சி விடுதிக்குப் போக வேண்டும். பெட்டியில் வைத்துக்கொள்ள அவள் கேட்டது ஐந்தருவியின் படம் ஒன்றுதான்.

லென்ஸ் எதற்கு, ஊசித்துளை போதும் என்று நானாகத்தான் வீம்புக்குச் சொன்னேன். சிகரெட் பெட்டியின் ஈயத்தாளில் அவளுடைய தையல் ஊசியால் துளை போட்டு, லென்ஸ் இருந்த இடத்தில் ஒட்டினேன். சாரல் வெளிச்சத்துக்குப் பன்னிரண்டு வினாடி என்று கணக்கு வந்தது. ஒரு சுருள் முழுக்க எடுத்துத் தென்காசியில் கழுவக் கொடுத்தேன். ஸ்டுடியோ அண்ணாச்சி நெகடிவைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"ஒண்ணுமே விழலியே சார். மூடியக் கழத்துனியளா?"

வீட்டுக்கு வந்து மறுபடி கணக்குப் போட்டேன். அதே பன்னிரண்டு. கணக்கு சரி, படம் இல்லை என்றால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது? இரண்டாவது சுருளையும் அதே பிடிவாதத்தில் தீர்த்துக்கொண்டிருந்தேன். கடைசிப் படம் ஒன்று மிச்சமிருந்தபோது, அவள் கிளம்ப நான்கு நாள்தான் இருந்தது.

அன்று குடை பிடிக்க அவளும் வந்தாள். என் கைக்கடிகாரத்துக்குள் ஈரம் புகுந்து முள் தெரியவில்லை. பன்னிரண்டு வரை எண்ணச் சொல்லிவிட்டு ஷட்டர் ஒயரை அமுக்கிப் பிடித்தேன்.

"லாபம்... லாபம்... லாபம்..." என்று தொடங்கினாள். "ரெண்டு... ரெண்டு... ரெண்டு..."

அச்சன்புதூரில் அவள் அப்பாவின் களத்தில் நெல் அளக்கும் எண்ணிக்கை அது. ஒன்று என்று சொல்லமாட்டார்கள். மரக்காலைக் கோரிச் சாக்கில் கொட்டி முடிக்கும்வரை அதே எண்ணை இழுப்பார்கள். எனக்கு மண்டை காய்ந்தது.

"ஏட்டி, பன்னெண்டு வினாடி கேட்டேன். பன்னெண்டு மரக்கா நெல்லு கேக்கல."

"நடுவுல பேசினா மொதல்லேருந்து எண்ணணும். பேசாம இருங்க."

ஷட்டர் திறந்து கிடக்கிறது. வாயை மூடிக்கொண்டு நின்றேன். இருந்த ஒரே படத்தையும் கெடுத்துவிட்டாள் என்று திரும்பும் வழி முழுக்க அவளோடு பேசவில்லை.

"இது ஒண்ணுதான் சார் விழுந்திருக்கு," என்றார் அண்ணாச்சி. ஐந்து கிளைகளும் பாறையும் தெளிவாக இருந்தன. நீண்ட நேரம் வெளிச்சம் காட்டினால் பிலிம் மந்தமாகிவிடும், கணக்கைவிட இரண்டு மூன்று மடங்கு கொடுக்க வேண்டும் என்று பிற்பாடு ஒரு புத்தகத்தில் படித்தேன். அவளுக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. "நான் எண்ணினது" என்று படத்தின் பின்னால் எழுதிப் பெட்டியில் வைத்துக்கொண்டு ரயில் ஏறினாள்.

அடுத்த ஞாயிறு புதுச் சுருளோடு தனியாகப் போனேன். கடிகாரத்தைப் பழுது பார்த்தாயிற்று. அவள் எண்ணி முடிக்க நாற்பது வினாடியாவது ஆகியிருக்கும்; கடிகாரத்தில் அதைப் பார்த்து ஒயரை விட்டால் முடிந்தது. ஆனாலும் ஒரு கையில் குடை, ஒரு கையில் ஒயரோடு, "லாபம்... லாபம்..." என்றுதான் ஆரம்பித்தேன். எண்ணெய் தேய்க்கிறவர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். மூன்று வரை வந்தது. நாலில், அவள் குடை பிடித்து நின்ற பக்கம் திரும்பிப் பார்த்து எண்ணிக்கையை விட்டுவிட்டேன். நடுவில் நிறுத்தினால் முதலிலிருந்து எண்ண வேண்டும். அன்று நான் பலமுறை முதலிலிருந்து எண்ணினேன்.