முதலில் பொம்மையை ஏற்றினார்கள்

பட்டினப்பாக்கத்தில் பிறந்த எனக்கு நீச்சல் சொல்லித்தர ஒருவர் வேண்டுமா? நடுக்கடல் எண்ணெய் மேடையில் வேலை கிடைத்து, பாதுகாப்புப் பயிற்சி கட்டாயம் என்றபோது அப்படித்தான் நினைத்தேன்.

பயிற்சிக் குளத்தில் ஆசிரியர் ஆள் உயரப் பொம்மை ஒன்றைத் தள்ளிவிட்டு, "ஆள் விழுந்துட்டான்!" என்று கத்தினார். எங்கள் குப்பத்தில் அந்தச் சத்தம் கேட்டால் யாரும் யோசிப்பதில்லை. ஷூவோடு குதித்தேன். லைஃப் ஜாக்கெட்டை அழுத்திப் பிடிக்காததால் அது எகிறித் தாடையில் அறைந்தது. பொம்மையோ என்னைவிடக் கனம். அதைக் கட்டிக்கொண்டு நானே தத்தளித்தேன். மிதவை வளையத்தை வீசி இழுத்தார்கள். முதலில் பொம்மையை ஏற்றினார்கள்.

"இன்னா சார், உசுரோட கீறவன் நான்தானே?" என்றேன்.

"நீ குதிச்சதால இப்ப ரெண்டு பேர் தண்ணியில. வளையத்த வீசிட்டு, கண்ண எடுக்காம ஆளையே கைநீட்டிக் காட்டிட்டு நிக்கணும். அலையில தலை மறைஞ்சா அப்புறம் கிடைக்காதுப்பா" என்றார் ஆசிரியர்.

போன மாதம் ரங்கநாதன் தெருவில் என் மனைவி செல்வியைக் கூட்டம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. முன்பென்றால் நானும் பாய்வேன். இருவரும் தொலைந்து மாம்பலம் ஸ்டேஷனில்தான் சந்திப்போம். இப்போது நான் குதிப்பதில்லை. ஒரு கடைப் படியில் ஏறி, கண் இமைக்காமல் அவளை நோக்கிக் கையை நீட்டினேன். தெருவே அந்தப் பக்கம் பார்த்தது.

"இன்னா நைனா, அங்க இன்னா கீது?" என்றார் படியோரம் உட்கார்ந்திருந்த பூக்காரர்.

"என் பொண்டாட்டி."

நீட்டிய கையைப் பார்த்து அவளே என்னை நோக்கி வந்தாள். "கைய எறக்குய்யா, மானம் போவுது!" என்று தூரத்திலிருந்தே பல்லைக் கடித்தாள்.

அவள் படியேறும்வரை நான் கையை இறக்கவில்லை.