ஊன்சோறும் தேன்சோறும்

வேதவல்லி அம்மா காலமானார் என்று கல்லூரிக்குத் தொலைபேசி வந்தபோது நான் வகுப்பில் இருந்தேன். தமிழ்த்துறையில் பல ஆண்டுகளாக எனக்குப் பக்கத்து நாற்காலிக்காரர். வேங்கிக்காலில் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் தெருமுனையில் பேனர் ஏறிவிட்டது. ‘தேன்தமிழ்ப் பேராசிரியை’ என்று போட்டிருந்தார்கள். படித்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஏன் என்று அவரை அறிந்தவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

பழந்தமிழர் எதை விளைத்தார்கள், எதைக் கொடுத்து எதை வாங்கினார்கள், எதைத் தின்றார்கள் என்பதுதான் அவர் வாழ்நாள் படிப்பு. யாராவது மேடையில் பொற்காலம் என்று ஆரம்பித்தால் முகம் சுளித்துவிடும். “பொற்காலம்னா பாணன் ஏங்க பசியோட ஊர் ஊரா அலைஞ்சான்? அவன் பாடினதே சோத்துக்குத்தாங்க” என்பார்.

தொண்ணூறுகளில் எங்கள் ஊர் இலக்கிய அமைப்பு ஒன்று விழா மலருக்கு அவரிடம் கட்டுரை வாங்கியது. பாடி வந்த பாணர்களுக்கு வள்ளல்கள் ஊன்சோறு, அதாவது கறி கலந்த சோறு, போட்டதைப் பற்றி எழுதிக் கொடுத்தார். மலர் வந்தது. ஊன்சோறு என்று அவர் எழுதிய இடமெல்லாம் தேன்சோறு ஆகியிருந்தது. கள், பாலாகியிருந்தது. அச்சுப்பிழை என்று நினைத்துத்தான் கேட்கப் போனோம்.

அமைப்பின் தலைவர் கொஞ்சமும் கூசவில்லை. “கிரிவலம் வர்ற ஊருங்க இது. கறி, கள்ளுனு போட்டா நல்லாவா இருக்கும்? ஒரு எழுத்துதானே மாத்தினோம்?” என்றார்.

அம்மா மலரை மூடிப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த வாரம் விழாக்குழுவை வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார். கறிக்குழம்பு வாசம் கூடம் வரைக்கும் வந்தது. தலைவர் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தார். இலையில் சோறு விழுந்தது. அதன்மேல் அம்மா தேனை ஊற்றினார்.

“சாப்பிடுங்க. உங்க மலர்ல போட்டதுதான்.”

“குழம்பு வைக்கலீங்களா?” என்றார் தலைவர்.

“அதை நாங்க சாப்பிட்டுக்கறோம். உங்களுக்கு வேணாங்க, கிரிவலம் வர்ற ஊராச்சே.”

அதன்பிறகு அவரை ஒரு மேடைக்கும் கூப்பிடவில்லை. மண்டைக்கனம் ஜாஸ்தி என்று ஊர் முழுக்கப் பேசினார்கள். வீட்டில் கறி தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, முன்னோர் வாயையும் சேர்த்துத் துடைக்கப் பார்த்த கூட்டம் அது. எனக்கு அவர்கள் மேல் கோபம்கூட வரவில்லை. அருவருப்புதான்.

இப்போது அதே தலைவர் நினைவு மலர் போடுகிறார். அம்மாவின் அந்தக் கட்டுரையை மறுபடியும் அச்சுக்குக் கொடுத்திருக்கிறார், தேன்சோற்றோடு. எனக்கு மெய்ப்புப் பார்க்க அனுப்பினார்கள். ஒவ்வோர் இடத்திலும் அடித்து ‘ஊன்’ என்று எழுதி அனுப்பினேன். போனில் கூப்பிட்டார்.

“அம்மாவே போயிட்டாங்க. இனிமே யாருங்க கேக்கப் போறாங்க?”

அந்த மலருக்கென்று எழுதிய இந்த அஞ்சலியை நான் அவருக்குக் கொடுக்கவில்லை. இங்கே கொடுக்கிறேன். வேதவல்லி அம்மாவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது ஒரே ஒரு சொல்: ஊன்சோறு. இந்த இதழை அச்சுக் கோப்பவர் தயவுசெய்து அதில் கை வைக்காமல் இருக்க வேண்டும்.