தராசுக்காரரின் வயிற்றெரிச்சல்

செருப்பைக் கழற்றச் சொல்வதற்கு முன்பே ஆளை ஏற இறங்க ஒரு பார்வை பார்த்து, மனசுக்குள் ஒரு எண்ணைப் போட்டுக்கொள்வார். அப்புறம்தான் வாயைத் திறப்பார். "செருப்பு, பை, போன், சாவிக்கொத்து எல்லாத்தையும் அந்தத் தட்டுல வெச்சிட்டு மேல ஏறுங்க. மூச்சைப் பிடிக்காதீங்க, பிடிச்சா எடை குறையாது." ஆள் ஏறியதும் முள் ஆடி ஆடி நிற்கும். பெரும்பாலும் அவர் நினைத்த இடத்தில்தான் நிற்கும். இரண்டு கிலோ முன்னே பின்னே போய்விட்டால் அன்றைக்கு முழுக்கத் தலைவலி என்று தைலம் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

கடலை ஒட்டிய சின்ன விமானத் திடல் அது. ஒரு தகரக் கொட்டகை, ஒரே ஒரு ஓடுபாதை, ஒரு குட்டி விமானம். ஓட்டுகிறவரைத் தவிர மூன்று பேர் ஏறலாம். ஏறி, நகரத்தையும் துறைமுகத்தையும் மேலிருந்து வேடிக்கை பார்த்துவிட்டு இறங்கலாம். மூன்று பேரும் சேர்ந்து இருநூற்று இருபத்தைந்து கிலோவைத் தாண்டக் கூடாது. கனமானவர் முன்னால், மற்றவர்கள் பின்னால். அதைப் பார்த்து உட்காரவைத்து பெல்ட் போட்டுவிடுவதுதான் நம்மவருடைய உத்தியோகம். பதினேழு வருஷமாகச் செய்கிறார். பெயரைச் சொல்லி விசாரித்தால் வாசலில் நிற்கும் காவலாளிக்கே தெரியாது. தராசுக்காரர் என்றால் உடனே கைகாட்டுவார்.

அந்தத் தராசின் முகம் எப்போதும் அவர் பக்கமே திரும்பியிருக்கும். ஏறி நிற்பவர் எவ்வளவு எட்டிப் பார்த்தாலும் தெரியாது. எண்ணை வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார். "எடையெல்லாம் நாலு பேர் முன்னாடி சொல்ற சமாச்சாரமா? வீட்டுக்குப் போய் சண்டை வந்துரும்" என்பார். சீட்டில் எழுதி, இரண்டாக மடித்து, விமானம் ஓட்டும் பெண்ணிடம் நீட்டுவார். அவரை இவர் கேப்டனம்மா என்று கூப்பிடுவார். கேப்டனம்மா கூட்டிப் பார்த்துத் தலையாட்டினால்தான் கதவு திறக்கும்.

இத்தனை ஆயிரம் பேரை ஏற்றி அனுப்பியவர் தான் ஒரு தடவைகூட ஏறியதில்லை. அதனால் ஏறுகிற அத்தனை பேர் மேலும் அவருக்கு வயிற்றெரிச்சல். அதை மறைத்து வைத்துக்கொள்கிற ஆளும் இல்லை. புதுமணத் தம்பதி வந்தால், "கல்யாணமாகி நாலு நாள் ஆகலை, அதுக்குள்ள ஆகாசம் கேக்குது" என்று முணுமுணுப்பார். இறங்கி வந்து தலை சுற்றுகிறது என்று உட்காருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தபடியே, "குடுத்து வெச்சவங்களுக்குத் தலை சுத்தும். நமக்கு நின்ன இடத்துல கால்தான் வலிக்கும்" என்பார். ஒரு பெரியவர் மேலே போய்த் திரும்பி வரும்வரை தூங்கிவிட்டு இறங்கினார். நடந்து ஆறு வருஷமாகிறது. "குறட்டை விட வீட்ல கட்டில் இல்லையா அந்த மனுஷனுக்கு?" என்று இப்போதும் கேட்பார்.

இதில் பெரிய வேடிக்கை, ஒரு மணல் மூட்டை மேலேயே அவருக்குப் பொறாமை. ஒற்றை ஆள் சவாரி வந்தால் விமானம் முன்பக்கம் கனக்காமல் இருக்கப் பின்னால் ஒரு மூட்டையை வைத்து பெல்ட் போடுவது வழக்கம். தூக்கிக்கொண்டு போய் வைக்கிறவரும் இவர்தான். "இது எத்தனை தடவை கடலைப் பாத்திருக்கும் தெரியுமா? பாவி மூட்டை, கண்ணு வேற கிடையாது!" என்று அதன் முதுகில் ஓர் அடி போடுவார்.

"மூட்டைக்குப் பதிலா ஒருநாள் உங்க வீட்டம்மாவை உக்கார வைங்களேன் சார். கம்பெனி ஒண்ணும் சொல்லாது" என்று கேப்டனம்மா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். தராசுக்காரருக்கு முகம் சுருங்கிவிடும். "என் பொண்டாட்டி என்ன மணல் மூட்டையா? ஏத்தினா காசு கட்டி, டிக்கெட் போட்டு, ராணி மாதிரி ஏத்துவேன்." வீட்டிலும் இதே பாட்டுத்தான். அடுத்த மாசம், அடுத்த மாசம் என்பார். மகன் படிப்பு வந்தது, மகள் பிரசவம் வந்தது, கூரை ஒழுகியது. "ராணியும் வேணாம், மந்திரியும் வேணாம். நீங்க வாயிலயே கோட்டை கட்டிட்டு இருங்க" என்று மனைவி ஒருநாள் சொல்லிவிட்டு, அதன் பிறகு அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

மற்ற பொறாமைகளெல்லாம் வரும், போகும். நிரந்தரமாகக் குடியிருக்கும் பொறாமை ஒன்று உண்டு. அது சகலை மேல். மனைவியின் தங்கை புருஷன். குளியலறைக் குழாயும் தொட்டியும் விற்கிற கடை வைத்திருக்கிறார். கெட்ட மனுஷனாக இருந்தாலாவது திட்டித் தீர்த்து ஆறுதல் அடையலாம். தங்கமான மனுஷன்! அதைத்தான் தராசுக்காரரால் பொறுக்க முடியவில்லை. இவர் வீட்டுக் குழாய் ஒழுகியதை யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, தானே வந்து பளபளவென்று ஒன்றை மாட்டிவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் போனார். காலையில் பல் விளக்கப் போனால் அந்தக் குழாய் கண்ணைக் கூசுகிறது. "இந்த வீட்ல தண்ணிகூட அவன் தயவுல வருது" என்று வாயில் நுரையோடு சொல்வார். "நல்லது செஞ்சவங்களைப் பாத்து எரியறீங்களே, உங்களுக்கு வைக்கோல்போர் நாய் புத்தி. தானும் திங்காது, அடுத்ததையும் திங்க விடாது" என்று அடுக்களையிலிருந்து பதில் வரும்.

போன மாதம் அந்தச் சகலைக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் நிறைந்தது. மனுஷன் நேராக விமானத்துக்கு மூன்று டிக்கெட் வாங்கிவிட்டார். போனில் சொன்ன செய்தி இது: "அண்ணே, நாங்க ரெண்டு பேரும் அக்காவும் போறோம். எத்தனை நாள் ஆசை அவங்களுக்கு! நீங்கதான் அங்கயே இருப்பீங்களே, உங்க கையால ஏத்தி விட்டுருங்க."

உங்க கையால ஏத்தி விட்டுருங்க! இரண்டு நாள் அதையே சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பதினேழு வருஷமாகப் பெண்டாட்டிக்கென்று அவர் ஒரு சீட்டைப் பிடித்து வைத்திருந்தார். வாய்வார்த்தையில்தான் பிடித்து வைத்திருந்தார், ஒத்துக்கொள்வோம். ஆனாலும் அது அவருடைய சீட்டு. அதில் இன்னொருவன் துண்டைப் போட்டுவிட்டான். அவளோ சந்தோஷமாகக் கடைக்குப் போய், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கருப்புக் கண்ணாடி வாங்கி வந்தாள். கண்ணாடிமுன் நின்று இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்துவிட்டு, "எப்படி இருக்கு?" என்றாள்.

"ஈ மாதிரி இருக்கு."

"இருந்துட்டுப் போகட்டும். ஈயும் பறக்கத்தான் செய்யுது" என்று சொல்லிவிட்டு அதைத் துணியால் துடைத்து உறையில் வைத்தாள்.

அன்று காலை முதல் சவாரியே அவர்கள்தான். மூன்று பேரும் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டு கொட்டகையில் நின்றார்கள். கொழுந்தியாள் முதலில் ஏறினாள், அறுபது. அடுத்து மனைவி, எழுபது. மூன்றாவதாகச் சகலை, செருப்பைக் கழற்றிவிட்டுச் சீட்டியடித்துக்கொண்டே ஏறினார். "அண்ணே, பாத்து எழுதுங்க. இருபத்தஞ்சு வருஷமா உங்க கொழுந்தியா சமையல்."

முள் எண்பத்தெட்டில் நின்றது. தராசுக்காரர் சீட்டில் தொண்ணூற்றெட்டு என்று எழுதினார்.

திட்டம் போட்டுச் செய்ததா என்றால் அவருக்கே தெரியாது. எழுதி முடித்த பிறகுதான் கணக்கு மனசில் ஓடியது. மொத்தம் இருநூற்று இருபத்தெட்டு, மூன்று கிலோ அதிகம். ஒருவர் நின்றாக வேண்டும். கனத்த ஆள்தான் நிற்பார். சகலையின் பெருந்தன்மைதான் ஊருக்கே தெரியுமே, 'அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க' என்று தானாகவே ஒதுங்கிவிடுவார். அப்புறம் இந்தக் கொட்டகையில் நிற்க இவருக்கும் ஒரு ஜோடி கிடைக்கும். காசு சகலையுடையதாகவே இருக்கட்டும், அக்காவைக் கூடவே இருந்து கூட்டிப் போனேன் என்று நாளைக்கு அவர் சொல்ல முடியாது பாருங்கள். அது போதும் இவருக்கு.

கேப்டனம்மா சீட்டைப் பிரித்துக் கூட்டினார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு சகலையை ஒருமுறை பார்த்தார். "மூணு கிலோ கூடுதே சார். இவர் பக்கம் சரியாப் பாத்தீங்களா?"

"பதினேழு வருஷமாப் பாக்கறேன். தராசு பொய் சொல்லுமா?"

"அப்ப ஒருத்தர் நிக்கணும். வேற வழியில்ல."

சகலை வாயைத் திறந்தார். அவர் என்ன சொல்ல வந்தாரோ, அதற்குள் மனைவி மிதவைச் சட்டையின் வாரை அவிழ்த்துவிட்டாள்.

"நான் நின்னுக்கறேன். உங்க கல்யாண நாளு, நீங்க ரெண்டு பேரும் ஜோடியாப் போய்ட்டு வாங்க. எனக்கென்ன, இவர் இங்கதானே வேலை பாக்கறாரு, இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

"அக்கா, சும்மா இருங்க. நான் நிக்கறேன்" என்றார் சகலை. தங்கையும் கையைப் பிடித்து இழுத்தாள். அக்கா கேட்கவில்லை. "என்ன சின்னக் குழந்தைங்களா நாம? போங்க, கேப்டன் காத்துட்டு இருக்காங்க" என்று சிரித்தாள். மிதவைச் சட்டையை மடித்து மேஜைமேல் வைத்தாள். மூலையில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். தலையில் ஏற்றி வைத்திருந்த கருப்புக் கண்ணாடியை எடுத்து, துணியால் ஒருமுறை துடைத்து, உறையில் வைத்து மூடினாள்.

தராசுக்காரருக்கு வயிற்றில் எரிந்ததெல்லாம் ஒரு நொடியில் நெஞ்சுக்கு ஏறிவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. தெரிந்தால் இந்த வேலையில் அவர் சொல்லுக்கு என்ன மதிப்பு? வேலையே இருக்குமா? கொழுந்தியாளும் சகலையும் அரைமனசாக விமானத்தை நோக்கி நடந்து, பாதி தூரம் போய்விட்டார்கள்.

"கேப்டனம்மா! நில்லுங்க. அந்தச் சீட்டு தப்பு."

"என்ன சார்?"

"சீட்டு தப்பு. நான்தான் தப்பா எழுதிட்டேன். எண்பத்தெட்டுதான்."

தராசுக்காரர் குனிந்து, தராசைத் தூக்கி, முகத்தை எல்லோரும் பார்க்கும்படி திருப்பி வைத்தார். திரும்பி வந்த சகலையை ஏறச் சொன்னார். முள் ஆடி, எண்பத்தெட்டில் நின்றது. கேப்டனம்மா அதைப் பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார். பத்து கிலோ தப்பு எழுதுகிற ஆள் இவர் இல்லை என்பது அவருக்குத் தெரியும். சீட்டைக் கிழித்துவிட்டுப் புதுச் சீட்டில் தானே எழுதிக்கொண்டார். "நாளைக்குப் பேசலாம் சார்" என்று மட்டும் சொன்னார்.

சகலைதான் தோளில் தட்டினார். "விடுங்கண்ணே. ஆனைக்கும் அடி சறுக்கும். நல்ல வேளை, நான் நிஜமாவே பெருத்துட்டேனோன்னு பயந்துட்டேன்!" புரிந்துகொண்டுதான் சிரித்தாரா, புரியாமல் சிரித்தாரா என்பதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. இந்தத் தங்கமான குணத்துக்காகவே அவரை அங்கேயே பிடித்துத் தள்ளிவிடலாம் போல இருந்தது தராசுக்காரருக்கு.

கனமானவர் முன்னால் என்பதுதான் சட்டம். ஆகவே சகலைக்குத்தான் கேப்டனம்மா பக்கத்து இடம், கண்ணாடி முழுக்க வானம். தன் கையாலேயே அவருக்கு பெல்ட் போட்டுவிட்டார். மிதவைச் சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டு வந்த மனைவியைப் பின்சீட்டில் கடல் பக்கமாக உட்காரவைத்து வாரை இழுத்தபோது அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

"இத்தனை வருஷம் என்னை ஏத்தணும்னு தோணலை. இன்னிக்கு இறக்கி விடணும்னு மட்டும் தோணிடுச்சு, இல்ல?"

"உன்னை இல்ல. அவனைத்தான்."

"தெரியும். அதான் இன்னும் கேவலமா இருக்கு." அவள் கருப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு கடல் பக்கம் திரும்பிவிட்டாள். அவர் வாரை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார், சரியாகத்தான் இருந்தது. கதவைச் சாத்திவிட்டுப் பின்வாங்கினார்.

இன்ஜின் ஓட ஆரம்பித்துவிட்டால் பேச்சு எடுபடாது, விரல்தான் பாஷை. ஒரு விரல் என்றால் துறைமுகம் வரை, இருபது நிமிஷம். இரண்டு விரல் என்றால் அதைத் தாண்டிக் கலங்கரை விளக்கம், அதற்கப்பால் இருக்கும் தீவு, எல்லாம் சேர்த்து நாற்பது நிமிஷம், இரண்டு மடங்குக் கட்டணம். காசு யார் கணக்கு என்பதையும் ஆளை விரலால் தொட்டோ சுட்டியோதான் சொல்வார்கள். சகலை வாங்கியிருந்தது ஒரு விரல். அடுத்த சவாரிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. தராசுக்காரர் விமானத்துக்கு முன்னால் போய் நின்று இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார்.

கேப்டனம்மா தலையை ஆட்டி மறுத்துவிட்டு, பக்கத்தில் இருந்த சகலையைச் சுட்டிக்காட்டி ஒற்றை விரலை உயர்த்தினார். பின்சீட்டில் கருப்புக் கண்ணாடி இந்தப் பக்கம் திரும்பியது. கடல் காற்றில் சட்டை படபடக்க, தராசுக்காரர் மறுபடியும் இரண்டு விரலைக் காட்டிவிட்டு, அந்த இரண்டு விரலாலேயே தன் நெஞ்சைத் தட்டினார்.