ஜெசிந்தாவின் முதுகில் இருந்த பீஸ்

1. கிளினிக்

என் வாயால் ஒரு பெண்ணின் நடை போனது. பூசி மெழுகாமல் எழுதிவிடுகிறேன்.

அப்போது நான் ஒரு சிறிய ஆஸ்பத்திரியின் கிளினிக்கில் தாதி. நாயாற்றுப் பக்கமிருந்து ஜெசிந்தா வந்தார். நாற்பது வயது இருக்கும். இறால் தெரிந்து பிரிக்கும் வேலை. சண்டைக் காலத்தில் முதுகில் பாய்ந்த செல் பீஸ் ஒன்று, எறிகணைச் சிதறல், இன்னும் உள்ளே கிடந்தது. நடக்கும்போது இடது காற்செருப்பு கழன்று போவதே தெரிவதில்லை என்றார்.

வன்னியில் பீஸ் இல்லாத உடம்பைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வரிசை வாசல் வரை நின்றது. எனக்கோ எரிச்சல்.

“அது பீஸின்ரை குணம், பிள்ளை. சாகுமட்டும் அதோடைதான் இருக்கவேணும்,” என்றேன். டொக்டரிடம் அனுப்பாமல் பனடோல் மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினேன்.

2. தியேட்டர்

இரண்டு வருடம் கழித்து, நான் பெரிய ஆஸ்பத்திரியின் சத்திரசிகிச்சைத் தியேட்டரில் வேலை செய்தபோது, ஜெசிந்தாவைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். ஒரு கால் அசையவே இல்லை, மற்றது இலேசாக. என்னைக் கண்டதும் சிரித்தார். நீங்கள் சொன்னதுபோல எல்லாம் பீஸின் வேலைதான் மிஸ்ஸி, இன்றைக்கு அதை எடுத்தால் நடக்கலாம் என்று எனக்கே ஆறுதல் சொன்னார்.

சத்திரசிகிச்சை நிபுணர், எங்கள் சேர், அப்படி எதுவும் உறுதி கொடுத்திருக்கவில்லை. உடம்பில் இரும்பு கிடந்ததால் எம்.ஆர்.ஐ. எடுக்க முடியவில்லை. சி.டி. படத்தில் பீஸின் பிரகாசம் அந்த இடத்தையே மறைத்தது. ஆகவே முதுகைத் திறந்து, உள்ளே அல்ட்ராசவுண்ட் ஸ்கான் வைத்துப் பார்ப்பதென்று சேர் முடிவெடுத்திருந்தார்.

பீஸ் எலும்புக்கு வெளியே, தசைக்குள் கிடைத்தது. நகமளவு. அதன் கீழே எலும்பில் ஒரு கீறல்கூட இல்லை. அப்படியென்றால் காலை முடக்கியது பீஸ் அல்ல.

நரம்பைப் பார்க்க முதுகெலும்பின் ஒரு பகுதியை அகற்றியதும், குழியைச் சேலைனால், உப்புத் தண்ணீரால், நிரப்பச் சொன்னார் சேர். அந்தத் தண்ணீருக்குள்ளால்தான் ஸ்கான் பார்க்கும். நான் பதறி ஊற்றினேன். திரை முழுக்க வெள்ளை.

“குமிழி, மிஸ். உறிஞ்சிப்போட்டு ஆறுதலா ஊத்துங்கோ.”

இரண்டாம் முறை தெளிவாகத் தெரிந்தது. முள்ளந்தண்டு நரம்பு இரண்டு வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே கறுப்பாக ஓட வேண்டும். அங்கே அது வீங்கி, உள்ளே சாம்பலாக ஒரு கட்டி. சேர் ஸ்கானின் முனையை, புறோப்பை, நெடுக்காலும் குறுக்காலும் வைத்துக் கட்டியின் ஓரத்தைத் தேடினார். ஓரம் இருந்தால் கழற்றி எடுக்கலாம். ஓரம் இல்லை. கட்டியும் நரம்பும் கலந்து கிடந்தன.

“நடந்து திரிஞ்ச காலத்திலை வந்திருந்தா, நடையை எண்டாலும் காப்பாத்தியிருக்கலாம்,” என்றார் சேர். அவருக்கு என் கதை தெரியாது. பரிசோதனைக்கு ஒரு துண்டு மட்டும் எடுத்துவிட்டு மூடினார். நான் ஊசியும் நூலும் எடுத்துக் கொடுத்தேன்.

3. வாட்டு

மறுநாள் வாட்டுக்குப் போனேன். சேர் காலையிலேயே விளக்கியிருந்தாராம். ஜெசிந்தா அதை நம்பவில்லை.

“பீஸை எடுத்தாச்செல்லே மிஸ்ஸி? அப்ப நடப்பன்தானே?”

ஓடிவிடலாம் போல இருந்தது. கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன்.

“இல்லைப் பிள்ளை. இது பீஸாலை வந்த வருத்தமில்லை, நரம்புக்குள்ளை வந்த கட்டி. இனி நடக்கேலாது. அண்டைக்கு நான் உன்னை டொக்டரிட்டை அனுப்பியிருக்க வேணும். அனுப்பேல்லை.”

ஜெசிந்தா கையை நீட்டித் தன் தொடையைத் தொட்டுப் பார்த்தார்.

“பீஸெண்டுதானே நானும் சொல்லிக்கொண்டு வந்தனான்,” என்றார்.

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். பிறகு, தன் கால்கள் நேராக இருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்லும்படி கேட்டார். நேராகத்தான் இருக்கின்றன என்றேன்.

கிளினிக்கில் இப்போது இருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். பீஸ் உள்ளவர்களுக்கும் வேறு வருத்தம், வேறு நோய் வரும். வந்தவரைக் கண்ணை மூடச் சொல்லி, கால்விரலைத் தொட்டு, எந்த விரல் என்று கேளுங்கள்; சொல்லத் தெரியாவிட்டால் டொக்டரிடம் அனுப்புங்கள். ஒரு நிமிடம்தான் ஆகும். ஜெசிந்தா வந்த அன்று அந்த ஒரு நிமிடம் என்னிடம் இருந்தது.