பொன்முடிக்காரிக்கு ஒரு பொன்முடிப் பயணம்

போன வாரம் ஒரு பெண்ணை அவள் சொந்த ஊருக்கே சுற்றுலா அனுப்பி வைத்தேன். நம்ப மாட்டீர்கள்... கல்லூரி விதி!

செல்வராணி எங்கள் ஸ்ரீவராகம் வீட்டு மாடியில் தங்கி பி.எஸ்ஸி. தாவரவியல் படித்தவள். ஊர் மலைமேல் இருக்கிற பொன்முடி. அப்பா, அம்மா இருவருக்கும் தேயிலைத் தோட்டத்தில் வேலை. ஆறு செமஸ்டரும் நல்ல மார்க்கில் பாஸ். திருநெல்வேலியில் எம்.எஸ்ஸி. சீட்டும் கிடைத்துவிட்டது. திங்கட்கிழமைக்குள் கோர்ஸ் முடித்த சான்றிதழைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் சீட் அடுத்தவருக்கு.

சான்றிதழ் கேட்கப் போனால், ‘களப்பயணம் – ஆப்சென்ட்’ என்றார்கள். களப்பயணம் போகாதவர்களுக்கு டிகிரி கிடையாதாம்.

போன வருடம் இவள் வகுப்பு களப்பயணம் போன இடம் எது தெரியுமா? பொன்முடி! அப்போது இவள் லீவுக்கு ஊரில் இருந்தாள். மலை இறங்கி வந்து மறுபடி ஏறுவானேன், அங்கேயே நின்று சேர்ந்துகொள் என்று போனில் சொன்னவர் பேராசிரியர்தான். (அவர் மாற்றலாகிப் போய்விட்டார்.) இவளும் நின்றாள். எல்லோரையும் கூட்டிக்கொண்டு சுற்றினாள், செடிக்குச் செடி பெயர் சொன்னாள். ஆனால் அட்டெண்டன்ஸ் எடுத்தது பஸ்ஸில்!

நியாயம் கேட்க நானும் கூடப் போனேன். குரூப் போட்டோவைக் காட்டினோம். நடுவில் நிற்பதே இவள்தான். ஆபீஸ் சூப்பரின்டெண்ட் அம்மாள் அசையவில்லை. தோழிகளின் ரிப்போர்ட்டுகளைக் காட்டினோம். ‘உள்ளூர்வாசி ஒருவரைப் பேட்டி எடுக்கவும்’ என்ற பகுதியில் அத்தனை பேரும் எடுத்திருப்பது செல்வராணியின் பேட்டி. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

“அது அந்த ஊர் நாட்டுக்காரி செல்வராணியாக்கும்” என்றார் அந்த அம்மாள், நிதானமாக. “ஸ்டூடண்ட் செல்வராணி பஸ்ஸில கேறினதா ரெக்கார்டு இல்லல்லோ. மலையில நின்னவங்களுக்கு ரெஜிஸ்டர்ல கட்டமே இல்ல, கேட்டோ.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. செல்வராணிக்கோ அழுகை. நல்லவேளை, வழியும் அவரே சொன்னார் – வெள்ளிக்கிழமை ஜூனியர்கள் களப்பயணம் போகிறார்கள், கூடப் போய்க் கூடத் திரும்பினால் போதும். எங்கே? வேறெங்கே... பொன்முடிக்குத்தான்!

காலையில் நானே போய் பஸ் ஏற்றிவிட்டேன். வழியில் கல்லாறில் ஜூனியர்கள் இறங்கி செல்ஃபி எடுத்தார்கள். அப்புறம் ஹேர்பின் வளைவுகளை எண்ணினார்கள். இவள் நன்றாகத் தூங்கினாளாம். மேலே போனதும், இன்று ராத்திரி வீட்டில் தங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டிருக்கிறாள். கூடாது! திரும்பும்போதும் பஸ்ஸில் அட்டெண்டன்ஸ் உண்டு. தங்கினால் மறுபடி ஆப்சென்ட்.

சனிக்கிழமை சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது. எனக்கே டிகிரி கிடைத்த மாதிரி அப்படி ஒரு சந்தோஷம். அவள் எழுதிய ரிப்போர்ட்டையும் வாங்கிப் படித்தேன். உள்ளூர்வாசி பேட்டி இருக்கிறதல்லவா... இந்த முறை இவள் பிடித்த ஆள், கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த அவள் அம்மா. கேள்விகள் கல்லூரி அச்சடித்துக் கொடுத்தவை. ‘தங்களுக்குப் பிள்ளைகள் எத்தனை? என்ன செய்கிறார்கள்?’

அம்மாவின் பதிலை மகள் ஓர் எழுத்து மாற்றாமல் எழுதியிருக்கிறாள்.

“ஒரே மவ. இன்னைக்கு டிகிரி முடிச்சிருவா... நீ பேசிக்கிட்டு நிக்காம போயி பஸ்ஸுல ஏறுட்டி!”