இன்னொரு கை படாத மோலே

மெக்சிகோ நகரத்தில், போர்த்தாலெஸ் சந்தைக்குப் பின்னால் எங்கள் சாப்பாட்டுக்கடை ஐம்பத்திரண்டு வருஷமாக நடக்கிறது. அதில் முப்பத்தெட்டு வருஷம் மோலே கிண்டியவள் ஹசிந்தா. நான் எல்வீரா, பக்கத்து அடுப்பில் சோள ரொட்டி சுடுகிறவள். அவள் வாயில் விழாத நாள் எனக்கு ஒன்றுகூட இல்லை.

வறுத்த மிளகாய், எள், பாதாம், கொஞ்சம் சாக்லேட் எல்லாவற்றையும் அரைத்துப் பன்றிக்கொழுப்பில் வதக்கி, மணிக்கணக்கில் கிண்டும் குழம்பு அது. தொடங்கிய கைதான் முடிக்க வேண்டும், இடையில் இன்னொரு கை பட்டால் திரிந்துவிடும் என்பார்கள். எல்லாரும்தான் சொல்வார்கள். ஹசிந்தாவோ அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டாள். ஒருமுறை முதலாளி உப்புப் பார்க்கக் கரண்டியைத் தொட்டதற்கு, "சட்டிய நீங்களே வச்சுக்கங்க, நான் வீட்டுக்குப் போறேன்" என்று கிளம்பிவிட்டாள். கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்தோம்.

அவளுக்கென்று இருந்தது அக்கா ஒதிலியா மட்டும்தான். இருவரும் ஒரே அறையில் கிழமானவர்கள். போன மே மாதம் ஒதிலியா நெஞ்சில் நீர் கோத்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஒரு சனிக்கிழமை காலை, ஞானஸ்நான விருந்துக்காக நூற்றிருபது பேருக்கு மோலே அடுப்பில் ஏறிய பிறகு, நர்ஸ் போன் செய்து உடனே வரச் சொன்னாள்.

"கரண்டிய குடுடி, நான் கிண்டுறேன். நீ ஓடு," என்றேன்.

"உன் கை பட்டா திரிஞ்சிரும்."

"திரிஞ்சா திரியட்டும். கூடப்பொறந்தவ பெருசா, குழம்பு பெருசா?"

"இன்னும் ஒரு மணி நேரந்தான் எல்வீரா. எங்கக்கா என்னை விட்டுட்டுப் போயிடுவாளா?"

கண் வாசலில், கை சட்டியில் என்று கிண்டினாள். நான் கரண்டியைப் பிடுங்கியிருக்க வேண்டும். பிடுங்கவில்லை. எனக்கும் உள்ளூர அந்தப் பயம் இருந்தது. இன்று நினைத்தாலும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல் இருக்கிறது.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அக்காவின் முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள்.

"உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாங்க," என்றாள் நர்ஸ். "அப்புறம் அவங்களே, 'அடுப்புல மோலே இருக்கும், இறக்கிட்டுத்தான் வருவா, அவள யாரும் திட்டாதீங்க'ன்னாங்க."

ஹசிந்தா அழவில்லை. அடக்கத்தின்போதும் அழவில்லை. ஒன்பது நாள் ஜெபம் முடிந்ததும் வேலைக்கு வந்து, வழக்கம்போல் சட்டியை ஏற்றினாள். பாதியில் அவள் கை நின்றுவிட்டது. குழம்பு அடிபிடிக்கத் தொடங்கியதும் எனக்குப் பொறுக்கவில்லை. கேட்காமலே கரண்டியை வாங்கிக் கிண்டினேன். அவள் தடுக்கவில்லை. கட்டி கட்டியாகத் திரிகிறதா என்று சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அரை மணி நேரம் கிண்டினேன். மோலே கெட்டியாக, பளபளவென்று எப்போதும்போலவே வந்தது. ஹசிந்தா ஒரு விரலால் தொட்டு நக்கிப் பார்த்தாள்.

"திரியல எல்வீரா," என்றாள். "அன்னைக்கும் திரிஞ்சிருக்காது."

அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்து, அக்காவுக்காக முதல் முறையாக அழுதாள்.